பஸ்ஸை விட்டு இறங்கிய அக்கா

பெத்லெகேமில் அக்காவைக் கைது செய்துவிட்டார்கள் என்று ஒரு மணித்தியாலம் முழுதாக நம்பினேன். கனடாவில், மொன்றியலின் லாசால் பகுதியில் இருக்கும் உறவினர்களுக்கு இது அன்றே தெரியும். தொலைபேசியில் அழுதவன் நான்தான்.

மன்னாரில் பிறந்த அக்கா, அம்மா போனபின் எங்கள் மூவரையும் வளர்த்தார். போர்க்காலத்தில் சோதனைச் சாவடி தோறும் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையும் பையுமாக நடந்தவர். மொன்றியலில் மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டுகள் நோயாளிகளைப் பராமரித்தார். சென்ற ஆண்டு அங்கேயே கண்மூடினார். கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், செபமாலை சொன்ன பங்கு மக்களுக்கும், தாதிமாருக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்தால் எனக்கு எழுத வராது.

நானும் அக்காவும் பங்குக் குழுவோடு புனித பூமிக்குப் போன திருயாத்திரையில், பெத்லெகேமிலிருந்து ஜெருசலேமுக்குத் திரும்பும் வழியில், பெரிய கொங்கிரீட் மதிலின் வாசலில் இருந்த இஸ்ரேலியச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. யாத்திரிகர்கள் இறங்கத் தேவையில்லை. சிப்பாய் ஏறிக் கடவுச்சீட்டைப் பார்ப்பார். குழுவில் தலை எண்ணும் பொறுப்பு என்னுடையது. நான் நித்திரை. விழித்தபோது பஸ் மதிலைத் தாண்டி நின்றிருந்தது. பக்கத்து இருக்கை வெறுமை.

சிப்பாயிடம் ஓடிப் பிரெஞ்சில் கெஞ்சினேன். ஏன் பிரெஞ்சு என்று இன்றும் தெரியாது. பிறகு மொன்றியலில் இருந்த மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்காவைப் பிடிச்சிட்டாங்கள். பங்குச் சுவாமியிட்டச் சொல்லு."

"ஏனப்பா, அவ என்ன செய்தவ?"

"எனக்கென்ன தெரியும், நான் நித்திரை."

"அப்ப உங்களையெல்லோ பிடிச்சிருக்க வேணும்."

ஒரு மணித்தியாலம் கழித்து, நடந்து வருவோரின் கதவால் அக்கா வெளியே வந்தார்.

"எங்கயக்கா போனனீங்கள்?"

"செக்பொயின்ட் எண்டா இறங்கத்தானே வேணும். நீ ஏன்டா இறங்கேல்ல?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அக்கா நின்று வந்த கம்பிக் கூண்டு வரிசையில் வேலைக்குப் போகும் ஆண்கள், பாடசாலைப் பிள்ளைகள். "தினமும் இப்பிடித்தானாம்" என்றார் அக்கா. அவருக்கு முன்னால் ஒரு பாலஸ்தீனத் தாய். மகன் ஜெருசலேமில் மருத்துவமனையில் இருக்கிறான். அவனைப் பார்க்க அன்று ஒரு நாளைக்கு மட்டும் அனுமதித் தாள். கைரேகை இயந்திரம் அவருடைய விரலை ஏற்கவில்லை. வேலை செய்து காய்ந்த விரல்கள். அக்கா தம் பையிலிருந்த கிறீமைப் பூசித் தேய்த்துவிட்டு, மறுபடி மறுபடி வைக்கச் சொன்னாராம்.

அக்காவின் கனடியக் கடவுச்சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்தத் தாயைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.