தறிகள் நின்ற தெரு

எண்பத்தாறாம் ஆண்டு, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினேன். நான் இறங்க வேண்டியது மருதமுனையில். இருபத்திரண்டு மைல், டிக்கட் ஆறு ரூபாய். மடியில் ஒரு சீலைப் பை. அதற்குள் பழைய பெட்சீற்றில் சுற்றிய மரச் சிலுவை, என் முழங்கை நீளம். பேக்கரியில் போறணை அடுப்புக்குள் பாண் ரொட்டித் தட்டைத் தள்ளுகிற நீளக் கட்டை ஒன்று இருக்கும். அதை அறுத்துச் செய்த சிலுவை. அந்தக் கட்டையைப் பிடித்து வேலை செய்தவன் என் அண்ணன் ஞானராசா.

கொண்டக்டர் கதைகாரன். "தங்கச்சி மருதமுனைக்கா? கைத்தறிச் சாரம் எடுக்கவா? மாப்பிள பார்த்தாச்சிபோல!" என்றான்.

"அண்ணனுக்கு" என்றேன். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மார்கழி மாதம் விடியப்புறம், பாண் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன அண்ணனை ஜீப்பில் வந்த சீருடைக்காரர்கள் மறித்தார்கள். ஜீப்புக்குள் ஆள் காட்ட ஒருவன் தலையைச் சாக்கால் மூடிக்கொண்டு இருந்தானாம். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அண்ணனைக் கண்டதும் அந்தச் சாக்கு மேலும் கீழும் ஆடியது. அவ்வளவுதான் விசாரணை. அண்ணனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த இயக்கத்தையும் அறியாதவன். பாண் எல்லாம் றோட்டில் சிதறிக் கிடந்தது. வெயில் ஏறும்வரைக்கும் ஒரு காகம்கூட அதைத் தொடவில்லை.

தை மாதம், மருதமுனையிலிருந்து சாரம் விற்க வரும் முஸ்லிம் காக்கா எங்கள் படலையில் நின்று வாய்தவறிச் சொன்னார். வாடைக் காற்றோடு நீரோட்டம் தெற்கே இழுத்த நாட்களில் அவர்களின் ஊர்க் கரையில் ஒரு பொடியன் பிணமாய் ஒதுங்கினானாம். கழுத்தில் கறுப்பு நூலில் சிரட்டைச் சிலுவையாம். சொன்ன உடனே முகம் மாறி, "இல்ல, அது வேற எங்கயோ" என்று சாரக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சிரட்டையில் சிலுவை வெட்டிப் போட்டிருந்தவன் எங்கள் அண்ணன்தான்.

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "கொண்டு வர ஏலுமெண்டா கொண்டு வா. ஏலாட்டி காலைக் கிழக்கால வச்சி, தலைமாட்டுல சிலுவையை நட்டுப்போட்டு வா. கர்த்தர் கிழக்கால வரக்குள்ள அவன் எழும்பி நேராப் பார்க்க வேணும்."

போதகர் சொல்லியிருந்தார், குற்றமில்லாமல் பாடுபடுகிறவன் இயேசுவுக்குப் பக்கத்தில் நடக்கிறான் என்று. எனக்குக் கோபம்தான் வந்தது. பக்கத்தில் நடந்தால் ஒரு கை பிடித்திருக்கலாமே.

களுவாஞ்சிகுடிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பை பார்த்தார்கள். ஒருவன் சிலுவையை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தான், உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று. பிறகு முகர்ந்து பார்த்தான். இன்னும் பாண் வாசம் அதில் இருந்தது. திருப்பித் தந்தான்.

எட்டரைக்கு மருதமுனையில் இறங்கினேன். கடற்கரைக்குப் போகும் தெருவில் இரண்டு பக்கமும் கைத்தறி வீடுகள். சத்தம் தெருவுக்கு வெளியிலேயே கேட்டது. டக்கு டக்கு, டக்கு டக்கு என்று நூறு தறி ஒன்றாக அடிப்பதுபோல. நான் முதல் வீட்டைத் தாண்டினேன். அந்த வீட்டுத் தறி நின்றது. அடுத்த வீட்டைத் தாண்டினேன். அதுவும் நின்றது. எதிர்ப் பக்கமும் அப்படியே. நான் நடக்க நடக்க சத்தம் எனக்கு முன்னால் அணைந்துகொண்டே போனது. திரும்பிப் பார்த்தேன். நான் கடந்து வந்த வீடுகளில் தறிகள் ஒவ்வொன்றாகத் திரும்பவும் அடிக்கத் தொடங்கின. எந்த வாசலிலும் ஆள் இல்லை.

தேத்தண்ணிக் கடையில், ஒரு ஆளைத் தேடி வந்ததாகச் சொன்னேன்.

"இஞ்ச ஒண்டும் ஒதுங்கல்ல மகள்" என்றார் கடைக்காரர். நான் இன்னும் ஒதுங்கியது பற்றிச் சொல்லவே இல்லை.

"கழுத்துல சிலுவை..."

"தேத்தண்ணி குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸப் புடி. நாள் சரியில்ல." தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மீன்காரர் ஒருவரும் அதையே சொன்னார். பள்ளிவாசலுக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் என் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதிவிட்டு உள்ளே போனார். ஊரே என்னை அறிந்திருந்தது. ஒருவரும் உள்ளதைச் சொல்லவில்லை.

பத்து மணியிருக்கும். தெருக் கோடியில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. ஒரு கை என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியது. நாற்பது வயதுப் பெண். தலையில் முக்காடு, விரலெல்லாம் சாயம்.

"ஆருட புள்ள நீ? அந்தப் பாண்காரன்ட தங்கச்சியா?"

"பாண்காரன் எண்டு எப்படித் தெரியும்?"

"அவன்ட கையில, இஞ்சேருந்து இஞ்ச வரைக்கும் ஏணிப்படி மாதிரித் தழும்பு. போறணையில சுடுற ஆக்களுக்குத்தான் அப்படி வரும். என்ட தம்பியும் பேக்கரியிலதான்."

அப்போதுதான் நான் அழுதேன். அவள் பெயர் சுபைதா, நான் ராத்தா என்று அழைத்தேன். என் வாயைத் தன் முக்காட்டால் பொத்தினாள். "சத்தமில்லாம அழு. மதிலுக்கும் காது இரிக்கி." அவளுடைய தறியில் பாவு பாதியில் வெட்டுண்டு தொங்கியது. வெள்ளை நூல். "அவனைச் சுத்த கபன் துணி தேட நேரமில்ல. தறியில கிடந்ததை வெட்டிக் குடுத்த. அதுக்குப் பொறகு அதுல நெய்ய மனசு வரல்ல."

மத்தியானம் லுஹர் பாங்கு சொன்னதும் ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். ராத்தாவின் புருசன் காசிம் காக்கா போகவில்லை. தோணிக்காரர். "நான் முன்னால போறன். நீ தள்ளி வா. என்னைப் பார்க்காத" என்றார்.

உச்சி வெயில். கடற்கரையில் ஒரு மனிதர் இல்லை. வெள்ளை மணல் கண்ணைக் குத்தியது. என் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிட்டது. தோணிகள் எல்லாம் கவிழ்த்துப் போட்ட சவப்பெட்டிகள்போலக் கிடந்தன. காசிம் காக்கா ஒரு தாழம்பற்றைக்குப் பின்னால் நின்றார். அங்கே மணல் கொஞ்சம் மேடாக இருந்தது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு தோணிப் பலகைத் துண்டு.

"உன்னட்ட மறைக்கக் கூடாது" என்றார். "முதல் நாள் அவனைக் கண்டவுடன நாங்க பயந்த. தோணியில கட்டி இழுத்துப் போய் ரெண்டாம் அலைக்கு அங்கால விட்ட. விடிய வந்து பார்த்தா அதே இடம், என்ட தோணியில சாஞ்சி கிடக்கான். மறுகா இன்னும் தூரம் கொண்டுபோய் விட்ட. அடுத்த நாளும் என்ட தோணிதான். அத்தனை தோணி கிடக்க, என்ட தோணி! அப்பதான் நான் சொன்ன, இது விருந்தாளிடா, துரத்தினா அல்லாஹ்ட அருள், பறக்கத்து எல்லாம் போயிரும் எண்டு."

"எந்தப் பக்கம் பார்த்து வச்சீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரித்தான் புள்ள. தலை வடக்க. வலப்பக்கம் சாச்சி, முகம் கிப்லாவுக்கு. சிலுவையைக் கழட்டல்ல, அது அவன்ட சாமான். பள்ளி மையவாடிக்குள்ள அடக்கவா வேணாமா எண்டு சண்டை. கடைசியா இஞ்ச வச்ச."

முகம் மேற்கே, மக்காவை நோக்கி. கடலுக்கு முதுகு. அம்மா கேட்டதற்கு நேர் எதிர்.

நான் பையைப் பிரித்தேன். காசிம் காக்காவின் முகம் வெளுத்தது.

"மகள், அதை நட வேணாம். ஜீப்பு கிழமைக்கு ஒருக்கா இந்தக் கரையால வரும். சிலுவையைக் கண்டா தோண்டுவாங்க. ஆர் தாட்டது எண்டு கேப்பாங்க. இந்தத் தெரு ஆம்புளையள் அத்தனை பேரும் போகணும், உன்ட அண்ணன் போன வழியில."

"அப்ப நாங்க மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேணுமா? செய்யாத குத்தத்துக்கு?" என்று கத்தினேன். என் சத்தம் மணலில் விழுந்து செத்தது. அலைகூட அந்த நேரம் நின்றதுபோல இருந்தது.

அவர் போகவில்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

எவ்வளவு நேரமோ. அந்தச் சிலுவை என் கையில் சுட்டது. நட்டால் இன்னொரு வீட்டில் ஒரு தங்கச்சி என்னைப்போல பஸ் ஏறுவாள். இயேசுவும் தனக்கென்று வெட்டிய கல்லறையில் படுக்கவில்லை, யாரோ பயந்து பயந்து கொடுத்த இடத்தில்தான் வைத்தார்கள். ஞாயிறு பள்ளியில் அதைச் சும்மா கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தாழம்பற்றைக்குப் பக்கத்தில் அது எனக்கு முன்னால் கிடந்தது. கோபம் போகவில்லை. அண்ணனைக் கொன்றவர்கள் செய்ததை நான் இந்த மனிதருக்குச் செய்யக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

முழங்காலில் நின்று கையால் மணலைத் தோண்டினேன். காசிம் காக்காவும் வந்து தோண்டினார். சிலுவையைப் படுக்க வைத்து மூடினோம். நான் பரமண்டல ஜெபம் சொன்னேன். "மன்னியும்" என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்ப முதலில் இருந்து சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லி முடித்தேன். பக்கத்தில் அவர் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார்.

பின்னேரம் இரண்டு மணிக்கு அதே தெருவால் திரும்பினேன். சுபைதா ராத்தா கூட வந்தாள். திரும்பவும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"என்ன ராத்தா, ஏன் இப்படி? எனக்குப் பயமாயிருக்கு."

"பயப்புடாத புள்ள. தெருவால மையித்தைத் தூக்கிக்கொண்டு போனா நாங்க தறி நிப்பாட்டுற. அது எங்கட வழக்கம். அவனை அடக்கக்குள்ள நிப்பாட்ட ஏலாமப் போச்சி. நிப்பாட்டினா ஆராவது கண்டுபுடிச்சிருவாங்க எண்டு, ஊரே பல்லைக் கடிச்சிக்கிட்டு அடிச்ச. சாரம் விக்கிற காக்கா, ஆராவது தேடி வரும் எண்டு சொல்லியிருந்த. உன்னைக் கண்டதும் ஆரும் சொல்லாமலே நிண்டிச்சி. இது அவனுக்கு."

நான் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தெரு முடியும்வரைக்கும் மெல்ல நடந்தேன்.

மூன்று மணி பஸ். பொழுதுபட வீடு வந்தேன். எங்கள் ஒழுங்கை வீடுகளில், அண்ணனைப் பிடித்த நாளிலிருந்து எங்களோடு பலர் கதைப்பதில்லை. அவர்களும் பயந்தவர்கள். அந்தச் சத்தமின்மையை இதுவரை வெறுப்பு என்றே நினைத்திருந்தேன்.

அம்மா விளக்கை ஏற்றாமல் இருந்தாள். வெறும் பையைத் தடவிப் பார்த்தாள்.

"சிலுவையைக் குடுத்தியா?"

"ஓம். அவனோட இரிக்கி."

"எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கான்?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. "மேற்கால அம்மா. ஊரைப் பார்த்து."

அவள் பையை மடித்தாள். "அப்ப கர்த்தர் வரக்குள்ள முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பானே, பாவி. ஆராவது முதுகுல தட்டி எழுப்ப வேணுமே."

"தட்டுவாங்க அம்மா" என்றேன். "அங்க ஆக்கள் இரிக்காங்க."