ஒரே போனில் ஐந்து பேர்

கிளினிக்குப் போக வேன் பதிவு செய்யும் செயலியை எழுதியவள் நான். ஒரு போனுக்கு ஓர் ஆள் என்ற விதியும் என்னுடையதுதான். செயலியை மாநிலம் முழுக்கக் கொண்டுபோகும்போது போலிப் பதிவு வரக்கூடாது என்றுதான் வைத்தேன்.

நேற்று ஒரே எண்ணில் ஐந்து பேர் இருந்தார்கள். போலிதான் என்று யோசிக்காமல் அந்த எண்ணை முடக்கினேன்.

அதனால் இன்று காலை புக்கிட் பெலிம்பிங் ஊர்ப் பக்கம் வேன் போகவில்லை. ஐந்து பேர் ரோட்டோரம் காத்திருப்பதாக அலுவலகத்துக்கு அழைப்பு வந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வயதானவர்களுக்குக் குடை பிடித்தபடி மேரி அக்கா நின்றிருந்தார். அந்த எண் அவருடையது.

“நான் ஏதும் தப்பா அமுக்கிட்டேனா தங்கச்சி? இவங்க யாருகிட்டயும் போன் இல்ல லா. நான்தான் போட்டு விடுவேன்.”

“தப்பு என்னோடது அக்கா.”

என் காரிலேயே இரண்டு நடையாக ஏற்றினோம். “முனியம்மாக்காவுக்கு முன் சீட்டு குடு, காலு மடங்காது. ராமையாண்ணே கிட்ட இந்தக் காதுல பேசு,” என்று அக்கா ஒவ்வொருவருக்கும் சொன்னார். இதையெல்லாம் எழுத என் செயலியில் ஒரு கட்டம்கூட இல்லை.

கடைசி ஆளும் ஏறியபின் கேட்டேன், “நீங்க ஏறலையா அக்கா?”

“எனக்கு கிளினிக்ல ஒன்னும் இல்ல. போன் மட்டும்தான் என்னோடது.”

மதியமே அந்த விதியை எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை கூட்டத்தில், செயலியை எப்படிப் பெரிதாக்கலாம் என்று கேட்பார்கள். ஊருக்கு ஒரு மேரி அக்காவைக் கண்டுபிடித்தால் போதும் என்று சொல்லப்போகிறேன்.

உங்கள் ஊரில் அந்தப் போன் யாருடையது? சொல்லுங்கள், முடக்க மாட்டேன்.