ஒக்கல் என்றொரு சொல்

ஒக்கல் என்ற சொல்லை நான் முதலில் இடுப்பாகத்தான் அறிந்தேன். அம்மா தெற்கத்திக்காரி. கால் வலிக்கிறது, தூக்கு என்று நான் அழும்போதெல்லாம், "எட்டு வயசுக் கழுதைக்கு ஒக்கல் கேக்குதாக்கும்" என்று திட்டிக்கொண்டே தூக்கி வைத்துக்கொள்வாள். அறுபதுகளின் கடைசியில் அவள் ரத்தமாக இருமத் தொடங்கினாள். அப்பா அவளைத் தொலைவிலிருந்த காசநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். என்னைக் கன்னட எல்லையோரம், பாகலூர்ப் பக்கம் அத்தை வீட்டில் விட்டார்கள்.

மாமா கன்னடம் பேசுகிற குடியானவர். அந்த வீட்டில் மாட்டிடம் கன்னடம், கடைக்காரரிடம் தெலுங்கு, என்னிடம் மட்டும் தமிழ். சளசளவென்று பேசிக்கொண்டிருப்பார்கள்; என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டுப் பாஷையை மாற்றுவார்கள். எனக்காகச் செய்வதுதான். ஆனால் எனக்கு ஆத்திரமாக வரும். நான் தனி என்று இதைவிட எப்படிச் சொல்வது?

பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளில் இந்தச் சொல் வந்தது. 'ஒக்கல் - சுற்றத்தார்' என்று வாத்தியார் பலகையில் எழுதிப்போட்டார். இடுப்பு எப்படி சார் சுற்றத்தார் ஆச்சு என்று எழுந்து கேட்டேன். "இது பழைய சொல்லு. இப்ப யாரும் பேசறதில்ல, உக்காரு" என்றார். என் அம்மா அவருக்கு ஆளாகத் தெரியவில்லை போலும்.

அந்த வாரமே மாமா, "வெள்ளிக்கெழம நம்ம மனெ ஒக்கலு" என்றார். புது வீடு புகுவதைத்தான் அப்படிச் சொன்னார். அந்த வீட்டில் பாதிக்குத்தான் ஓடு போட்டிருந்தது. கதவுகூட மாட்டவில்லை. என்ன இத்தனை அவசரம் என்று அக்கம்பக்கத்தார் கேட்டதற்கு அவர் வாயே திறக்கவில்லை. எனக்கு அந்தச் சொல்லை மட்டும் விளக்கினார். "எங்க பாஷைல ஒக்கலுன்னா குடி, பாப்பா. ஒரு எடத்துல அடுப்பு வச்சி, நெலத்த உழுது உக்காந்துட்டா அவங்க அந்த எடத்து ஒக்கலு."

மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தேன். சுற்றம் வாத்தியாருடையது, குடி மாமாவுடையது, இடுப்பு அம்மாவுடையது. நான் அம்மா பக்கம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பசுவை முன்னே விட்டு, வீட்டு ஆட்கள் ஆளுக்கொரு பொருளை ஏந்தி உள்ளே போக வேண்டும். வெறுங்கையோடு போகிறவர் விருந்தாளி. மாமா சாமி படம் எடுத்துக்கொண்டார். அத்தை விளக்கு, அவர்களுடைய பெரிய பெண் நிறைகுடம். என் கையில் அத்தை உப்புக் கிண்ணத்தை வைத்தாள்.

"உப்புன்னா மகாலட்சுமி, கண்ணு. சிந்தாம எடுத்துக்கினு வா."

நான் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டேன்.

"நான் இந்த வீட்டு ஆளு இல்ல. எங்கம்மா வந்து கூட்டிக்கினு போவாங்க. வெறுங்கையோடதான் வருவேன்."

திமிர் என்று நினைத்திருப்பார்கள். திமிரில்லை, பயம். அதை ஏந்திவிட்டால் அம்மா வரமாட்டாள் என்று எப்படியோ எனக்குத் தோன்றிவிட்டது. பசு உள்ளே போய்விட்டது. நல்ல நேரம் போகிறது என்று புரோகிதர் பறந்தார். அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அத்தை அடிக்கவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மாமாதான், "அவ எடுக்கற வரைக்கும் யாரும் உள்ள போவ வேணாம்" என்றார். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். எவ்வளவு நேரம்தான் தாங்குவது? கிண்ணத்தை எடுத்து, அழுதுகொண்டே, பாதி உப்பைச் சிந்திக்கொண்டே உள்ளே போனேன்.

அந்த வீட்டு வழக்கப்படி, தாயை இழந்த பிள்ளை ஒரு வருஷத்துக்கு நல்ல காரியத்தில் முன்னே நிற்கக் கூடாது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டதாக அப்பா எழுதிய கடிதம் வந்த அன்றே மாமா நாள் பார்த்துவிட்டார். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அத்தை சொல்லித் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். மொட்டைத் தலை. மீசையும் இல்லை. அம்மாவுக்குக் குணமானால் திருப்பதியில் முடி கொடுப்பதாக அவர் வேண்டிக்கொண்டதை நான் என் காதால் கேட்டிருந்தேன். அவர் வாசலுக்கு வருவதற்குள் ஒரே ஓட்டமாக உள்ளே ஓடி, "அத்த, எங்கம்மாவுக்கு நல்லாயிடுச்சி!" என்று கத்தினேன். அத்தை என்னைத் தாண்டி வாசலுக்கு ஓடினாள். நான் என் துணிமணிகளை மூட்டை கட்ட உட்கார்ந்தேன்.