அறைத்தோழி அம்மாவுக்கு நடத்திய பாடம்

பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசி. ஸ்பீக்கரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனின் இரைச்சல். மலேசியாவில், ஜொகூரில் நான் படித்த பல்கலைக்கழக விடுதி என்றாலே எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது. என் அறைத்தோழியின் அம்மா பண்டார் தெங்காராவிலிருந்து தினமும் பஸ் ஏறி, கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர். மதியம் ஒரு மணிக்கு அவருக்குச் சாப்பாட்டு நேரம். இவள் சரியாக அப்போது அழைத்து, காலையில் ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தைத் தமிழில் சொல்லுவாள். அம்மாவுக்குப் புரிந்தால் பாடம் முடிந்தது. புரியாவிட்டால், "அப்ப எனக்கே புரியல லா" என்று புத்தகத்தை மறுபடி திறப்பாள். மாலையில் பூப்பந்து, பத்து மணிக்குத் தூக்கம். அவ்வளவுதான் அவள் படிப்பு.

எனக்கு எரிச்சலாக வரும். யார் குறைவாகத் தூங்கினோம் என்று நாங்களெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த காலம் அது. "நான் நல்லா தூங்கினேன்பா" என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்கிறவளை என்ன செய்வது? அதைவிடக் கொடுமை, அவள் தேறிவிட்டாள். வெப்பவியல் தாளில் நான் தோற்றேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. மறுதேர்விலும் தோற்றால் படிப்பே போய்விடும். ஒரு மாதமாகச் சூத்திரங்களை மனப்பாடம் செய்தேன். வாங்கிய சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே குப்பைக்குப் போனது.

ஒருநாள் ஒரு மணிக்கு, "தொண்டை சரியில்ல. இன்னைக்கு நீ எங்கம்மாவுக்குப் பாடம் நடத்து" என்று கைப்பேசியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். தொண்டை சரியில்லாதவள் படிக்கட்டு முழுக்கப் பாடிக்கொண்டே இறங்கினாள், கள்ளி!

வேறு வழியில்லாமல் ஒப்பித்தேன். இயந்திரத்துக்குக் கொடுக்கிற சூடு முழுவதும் வேலையாக மாறாது என்றேன்.

"அப்ப மிச்ச சூடு எங்கம்மா போகும்?"

சூத்திரத்தையே மறுபடி ஒருமுறை சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் புரியலையேம்மா. நீ சாப்டியா?"

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான் பெயிலாயிட்டேன் ஆன்டி. வீட்ல சொல்லல." முகம்கூடப் பார்த்திராத ஒருவரிடம்தான் அதை முதலில் சொன்னேன்.

"சரி, அழுது முடி. பிரேக் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நான் எங்கயும் போகல" என்றார். நான் மூக்கைச் சிந்தி முடித்ததும், "இங்க மெஷின் பக்கத்துல நின்னா ஃபேன் போட்டாலும் வேர்த்துக் கொட்டும். மிச்ச சூடு எங்க மேலதான் வருது போல" என்று சிரித்தார். ஒரு மாத மனப்பாடத்தில் பிடிபடாதது அந்த நொடியில் பிடிபட்டது. "சாயந்திரம் உங்கம்மாவுக்குப் போன் போடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

மறுதேர்வில் தேறினேன். இன்று தம்போய் என்ற ஊரில் ஒரு பட்டறையில் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் நான். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் தூங்காமல் சிவந்த கண்களோடு பெருமையாக வந்து நிற்கும்போதெல்லாம் அவளை நினைத்துக்கொள்வேன். படிக்கவும் தெரிந்தவள், புத்தகத்தை மூடவும் தெரிந்தவள். என் சோற்றுப் பொட்டலம் பிரியாமலே போனது அவள் ஒருத்தி கண்ணில்தான் பட்டது.

ஆன்டி சொன்னபடியே அன்று மாலை சிம்பாங் ரெங்கத்திலிருந்த என் அம்மாவை அழைத்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"பெயில்தானா? ஒரு மாசமா உன் குரலே சரியில்ல, என்னமோ ஏதோன்னு நான்தான் தூங்கல. போ, போய் மொதல்ல சாப்புடு."