‘இரத்த உறவு இல்லை’ என்று நான் எழுதிய படிவம்

1. இரண்டு கட்டங்கள்

கோவையில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தின் பதிவுப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினேன். பள்ளியிறுதிக்கு மேல் படித்தவள் அல்லேன். மருத்துவச் சொற்களைக் கேஸ் ஷீட்டுகளிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

எங்கள் கணினிப் படிவம் வெளிநாட்டிலிருந்து வந்தது. ‘இனம்’ என்ற கட்டத்தில், மதுக்கரையிலிருந்து வந்தவருக்கும் கணபதிப் பகுதியிலிருந்து வந்தவருக்கும் ‘தெற்காசியர்’ என்றே அழுத்துவோம். வயதுவாரியாக வெற்றி வாய்ப்பைக் காட்டும் அட்டவணையும் உடன் வந்தது. மையத்தை நடத்திய டாக்டரம்மா அதை எவருக்கும் காட்ட விடமாட்டார்.

“அது அந்த ஊர்ப் பொண்ணுகளை வெச்சுப் போட்டது. நம்ம பொண்ணுக பல பேருக்குக் கருமுட்டை முன்னாடியே கொறஞ்சுருது. இதைக் காட்டிப்போட்டு அப்புறம் நான் என்ன பதில் சொல்றது?” என்பார்.

அடுத்த கட்டம், கணவன் மனைவிக்குள் இரத்த உறவு உண்டா என்பது. “நீங்க ரெண்டு பேரும் ரத்த சொந்தமுங்களா?” என்று நான் கேட்பேன். பிழை இங்கேதான் இருந்தது.

2. கரு வைக்கும் காலை

தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம் ஒன்று வந்தது. கணவர் பிரபு, மனைவி கவிதா. முதற்குழந்தை பிறந்த எட்டாம் மாதத்தில் இறந்திருந்தது. காரணம் காய்ச்சல் என்றார்கள், எழுதினேன். அதன்பின் கரு தங்கவில்லை. இரத்த சொந்தமா என்றதற்கு இருவரும் ஒரே குரலில் “இல்லீங்க” என்றார்கள்.

ஐ.வி.எஃப். முறையில் இரண்டு கருக்கள் உருவாகி உறைநிலையில் வைக்கப்பட்டன. குரோமோசோம் எண்ணிக்கையைச் சோதித்ததில் இரண்டும் சரி என அறிக்கை வந்தது. உறவில்லை என்று நான் குறித்திருந்தமையால், பெற்றோர் இருவரிடமும் ஒரே மரபணுக் குறை உள்ளதா என்னும் தனிச் சோதனைக்கு எவரும் எழுதவில்லை.

ஒரு கருவைக் கருப்பையில் வைக்க வேண்டிய நாளும் வந்தது. கவிதா உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தார். வெளியே அவருடைய மாமியார், அருகிலிருந்த பெரியவரைக் கடிந்துகொண்டிருந்தார்.

“மாத்திரை போட்டீங்களா இல்லீங்களா? சின்ன வயசுல இருந்தே உங்களோட இதே ரோதனைங்க.”

“போட்டாச்சு, போட்டாச்சு. ஊருக்கே கேக்கோணுமா?” என்றார் பெரியவர்.

“அவரு யாருங்க?” என்றேன்.

“கவிதாவோட அப்பனுங்க. எங்கூடப் பொறந்த அண்ணன்.”

கவிதாவின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். “அப்ப ரத்த சொந்தம்னு ஏனுங்க சொல்லல?”

“அதெப்படிங்க ரத்தமாகும்? என்னையக் கட்டிக் குடுத்தப்பவே நான் வேற கூட்டத்துக்கு, வேற குலத்துக்குன்னு போயிட்டனில்லீங்க. அப்பன் வழிப் பங்காளிதானுங்க ரத்தம். ஒரே கூட்டத்துல பொண்ணு எடுப்பமுங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க.”

“மொதக் கொழந்தைக்கு என்னதானுங்க ஆச்சு?”

குரலைத் தாழ்த்தினார். “கழுத்தே நிக்கலீங்க. கையுங் காலும் துணியாட்டக் கெடந்துது. கடைசில சளி கட்டிக் காய்ச்சல் வந்துபோட்டுது. வெளிய சொன்னா கவிதாவக் குத்தம் சொல்லுவாங்கன்னு காய்ச்சல்னே சொல்லிப்போட்டோம்.”

3. நிறுத்தம்

நான் எழுதியது தவறு என்று டாக்டரம்மாவிடம் சென்று சொன்னேன். அவர் உடனே ஆய்வகத்தை அழைத்தார்.

“இன்னும் உருக்கலையே? அப்படியே வெச்சுருங்க.”

கவிதா என்னிடம், “மூணு வாரமா ஊசி போட்டுட்டு வந்திருக்கேனுங்க அக்கா. இதை மொதல்லயே கேட்டிருக்கலாமில்லீங்க?” என்றார்.

“தப்பு என்னுதுங்க அம்மணி” என்றேன்.

கணவன் மனைவி இருவரின் இரத்தத்தையும் சோதித்ததில், தசைகளை வலுவிழக்கச் செய்யும் ஒரே மரபணுக் குறை இருவரிடமும் மறைந்திருந்தது தெரிந்தது. குரோமோசோம் சோதனைக்கு முன்பு எடுத்த மாதிரியின் மிச்சத்தைக் கொண்டு கருக்களை மறுபடி சோதித்தார்கள். ஒன்றில் நோய் உறுதியாயிற்று. அன்று காலை வைக்கவிருந்தது அதுவே. நோயற்ற மற்றொன்றைச் சில மாதங்கள் கழித்து வைத்தார்கள். அது தங்கிப் பெண் குழந்தையாயிற்று.

பழைய கோவையின் முஸ்லிம் வணிகக் குடும்பத்தினர், சித்தப்பா மகளை மணந்திருந்தால் அந்தக் கேள்விக்கு உடனே “ஆமாங்க” என்பார்கள். மாமன் மகளை மணந்த எங்கள் பக்கத்தார் “இல்லீங்க” என்பார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. கேட்கத் தெரியாதவள் நான்தான்.

ஓய்வு பெறும் வரை அதன்பின் எவரிடமும் இரத்த சொந்தமா என்று நான் கேட்கவில்லை. இப்பணிக்கு வரும் இளையோரும் பெண்ணிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “கல்யாணத்துக்கு முன்னால உங்க மாமியாரை என்னன்னு கூப்புட்டீங்க?” அந்நியத்தில் மணந்தவர், “முன்னப்பின்ன பாத்ததே இல்லீங்களே” என்று சிரிப்பார். “அத்தைன்னுதானுங்க” என்று விடை வந்தால், சிரிக்காமல் ‘இரத்த உறவு உண்டு’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.