ரோமர்கள் நட்ட முந்திரி

டென்மார்க்கின் விபோர்க்கில் எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடக் கன்ரீனில் கூட்டம் வைத்தது. கோடையில் ஜெர்மனிக்கு பஸ் விடப் போகிறார்கள். மோசல் ஆற்றங்கரையில் ஒரு வைன் கிராமம். போன வருடம் விடுமுறைக்கு அங்கே போய்வந்த தமிழ்நாட்டு எஞ்சினியர் ஒருவர் படம் காட்டி அந்த ஊரின் வரலாறும் புவியியலும் சொல்லுவார் என்று ஏற்பாடு.

தலைவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் ‘முந்திரிகைத் தோட்டச் சுற்றுலா’ என்று இருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு முந்திரிகை என்றால் திராட்சை. தமிழ்நாட்டார் முந்திரி என்பதை நாங்கள் கஜு என்போம். அதனால் இரண்டு இந்தியக் குடும்பங்கள் ஜெர்மனியில் முந்திரி எப்படிக் காய்க்கிறது என்று அறிய சில்க்போர்க்கிலிருந்து காரில் வந்திருந்தன.

“அந்தக் குளிர்ல முந்திரி வருமாங்க?” என்று ஒரு பெண் என்னிடம் கேட்டார்.

“வராது. வைன்தான் வரும்” என்றேன். ஏமாற்றத்தோடு ஒரு வடையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஊரைப் பற்றி யாரும் எனக்குப் படம் காட்டத் தேவையில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மொஸ்கோ, பெர்லின் என்று சுற்றி, அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை அந்த ஊர்த் திராட்சைச் சரிவில்தான் கள்ளமாக வேலை செய்தேன். பிறகு டென்மார்க்கில் மீன் வெட்டினேன், பன்றி வெட்டினேன், ஆஸ்பத்திரி கூட்டினேன். ஒரு இடத்தில் நெடுநாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அந்தச் சரிவில் மட்டும் அரிக்கவில்லை, நொந்தது. ஏணி சாய்த்தது போன்ற மலை. முதுகில் கூடை, காலடியில் உடைந்த சிலேட்டுக் கல். மழை பெய்தால் மண் கீழே ஓடும், அதை மறுபடி மேலே சுமக்க வேண்டும். திரும்பி அங்கே போவதில்லை என்று முடிவு செய்தவன், கூட்டத்துக்கு மட்டும் போனேன். அக்காவைக் காரில் கூட்டிவர வேறு ஆள் இல்லை.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. அவருடைய புருஷனும் நானும் அந்தச் சரிவில் ஒன்றாக வேலை செய்தோம். ஒருநாள் மேல் வரிசையில் அவர் ஓட்டிய சின்ன உழவு இயந்திரம் புரண்டது. ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்தோம். அக்கா அப்போது கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்தில். பிறகு தமையனோடு டென்மார்க் வந்தவருக்கு முதலில் விசாப் பேப்பர் இல்லை, பிறகு பிள்ளையின் படிப்பு, பிறகு முழங்கால் வலி. அந்தக் குழிமேட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. குழியையும் தலைமாட்டுக் கல்லையும் நான் எடுத்த ஒரு போட்டோதான் அவர் வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. இந்த பஸ்ஸில் போய் அந்தக் கல்லடியில் ஒருமுறை இருந்துவிட்டு வர வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான். வைனும் ரோமரும் அவருக்கு எதற்கு?

எஞ்சினியர் தொடங்கினார். நல்ல பிள்ளை, சட்டை மடிப்புக் குலையாத பிள்ளை. ரோமர்கள் வந்து கொடி நட்டார்கள். துறவிகள் வந்து கொடி நட்டார்கள். பிஷப் வந்தார், பிரெஞ்சுப் படை வந்து மடத்து நிலத்தை ஏலம் போட்டது. எல்லோரும் வந்தார்கள், நட்டார்கள். மேலே கூடை தூக்கியவன் ஒருவனும் அந்த வரலாற்றில் இல்லை. கொடி தானாக ஏறியிருக்க வேண்டும்.

பிறகு புவியியல். ஆறு குதிரை லாடம் போல வளைகிறது, தெற்குப் பார்த்த சரிவில் வெயில் விழுகிறது, சிலேட்டுக் கல் பகல் சூட்டைப் பிடித்துவைத்துக் கொடிக்குக் கொடுக்கிறது என்றார். உண்மைதான். எங்கள் உள்ளங்காலுக்கும் கொடுத்தது. எதிர்க்கரை வடக்குப் பார்த்தது. அங்கே உருளைக்கிழங்கும் எங்கள் அகதி முகாமும் இருந்தன. அவருடைய வரைபடத்தில் எதிர்க்கரை வெறும் பச்சை.

முன்வரிசையில் ஒரு பெடியன் தாயிடம் ‘கெடெலிட்’ என்றான். டேனிஷில் அலுப்படிக்குது என்று அர்த்தம். கூட்டத்தில் உண்மை பேசிய முதல் ஆள்.

“இப்போ ஒரு சர்ப்ரைஸ்” என்றார் எஞ்சினியர். “அந்த ஊர்ல ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கு.”

கன்ரீன் நிமிர்ந்தது. திரையில் ஒரு கரிய சிலேட்டுப் பலகை. மேல்பாதி உடைந்து போயிருந்தது. கீழே கோணல் எழுத்தில்: முந்திறிகைத் தோட்டத்தில் விழுந்தார்.

“ஒரு வைன் கடை முற்றத்துல பாத்தேன். கடைக்காரருக்கு அது என்ன மொழின்னே தெரியல. இந்தப் பெரிய ‘ற’வைக் கவனிங்க. இன்னிக்கு நாம இப்படி எழுத மாட்டோம். பழைய ஸ்பெல்லிங்கா இருக்கலாம். ரோமன் கப்பல்ல நம்ம ஆளுங்க போயிருக்காங்க இல்லையா? ஒருவேளை முந்திரியும் கொண்டு போயிருக்கலாம்.”

கை தட்டினார்கள். தலைவர் எழும்பி நின்று தட்டினார். அறிவிப்பில் முந்திரிகை என்று எழுதியவரே, திரையில் அதே சொல்லைக் கண்டும் தட்டினார். ஈராயிரம் வருடப் பெருமை வாசலில் வந்து நிற்கும்போது யார் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்?

அந்தக் கல்லைத் தோட்டக்காரன் தன் பழைய வாசற்படியிலிருந்து பெயர்த்துத் தந்தான். எழுத்து வெட்டுகிற ஜெர்மன்காரனுக்குத் தமிழ் தெரியாது. ஆணியையும் சுத்தியலையும் என் கையில் தந்தார்கள். எனக்கு எந்த ‘ர’ எங்கே வரும் என்பது அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் சந்தேகம்தான்.

அக்கா எழும்பினார். “தம்பி, அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்கோ.”

பெரிதாக்கினார். அக்கா பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இது உம்மடை ‘ற’ எல்லோ.”

“ஓம் அக்கா.”

“என்ன ஆண்ட்டி?” என்றார் எஞ்சினியர்.

“அது ரோமன் இல்லைத் தம்பி. அது என்ரை மனுசன்.”

எஞ்சினியர் திரையைத் திரும்பிப் பார்த்தார். குழியில் இருந்த கல் கடைக்கு எப்படி வந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது. டென்மார்க்கிலும் அப்படித்தான்: குழிக்கு ஒரு தவணை உண்டு. அது முடிந்து சொந்தக்காரர் யாரும் கேட்காவிட்டால் கல்லைக் கிளப்பிவிட்டுப் புல் விதைப்பார்கள். ரோமர் திராட்சை மிதித்த தொட்டிக்குக் கண்ணாடிக் கூரை போட்டு வைத்திருக்கும் ஊர் அது. சும்மா இருந்த ரோமனை வைத்துக்கொண்டு, வேலை செய்தவனைக் கிளப்பிவிட்டார்கள்.

“கல்லு அங்கை என்ன செய்யுது?” என்று அக்கா கேட்டார்.

எஞ்சினியர் முகம் சிவந்துவிட்டது. “கதவு காத்துல மூடாம... முட்டுக் குடுத்திருக்காங்க ஆண்ட்டி. சாரி ஆண்ட்டி.”

“நீங்கள் ஏன் சொறி சொல்லுறியள்? நீங்கள் படம் எடுக்காட்டி நான் புல்லுக்கு முன்னாலை போய் நிண்டிருப்பன்.” அக்கா தலைவரைப் பார்த்தார். “பஸ்ஸிலை பின்னுக்கு இடம் வேணும். அதைக் கொண்டு வாறன்.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “அக்கா, கல்லெல்லாம் ஏத்தினா பாரம்... கொம்பனிக்காரன் விடமாட்டான்.”

“ஆம்பிளையள் வரேக்கை பெட்டி பெட்டியா வைன் ஏத்துவியள். அது பாரமில்லையோ?”

பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். குடிக்கக்கூடாது என்கிற எங்கள் தேவாலயச் சபைக்காரர் சிலர், வைன் என்ற பொருளை இதற்கு முன் கேள்விப்படாதவர்கள் போல யன்னலைப் பார்த்தார்கள். தலைவர் பஸ் பட்டியலை எடுத்துப் பின் இடத்தைக் குறித்துக்கொண்டார்.

“உம்மடை பேரையும் குடும்” என்றார் அக்கா என்னிடம்.

“நான் வரேல்லை அக்கா. அந்த ஊர் எனக்குச் சரிவராது.”

“வெட்டினது நீர். தூக்கவும் நீர்தான் வேணும்.”

காரில் திரும்பும்போது கேட்டேன்: “இங்கை கொண்டு வந்தாப் பிறகு அந்த ‘ற’வைத் திருத்தி விடட்டோ?”

“தொட்டீரெண்டால் தெரியும்” என்றார். “சரியா எழுதியிருந்தா இண்டைக்கு நானும் எல்லாரோடையும் சேர்ந்து கை தட்டியிருப்பன்.”

திங்கட்கிழமை இரும்புக் கடைக்குப் போய் ஒரு கடப்பாரை வாங்கினேன். கதவுக்கு முட்டுக் கொடுத்த கல் லேசில் கிளம்பாது.