மினாராவுல கட்டுன வேட்டி

சுனாமி வந்து போன மறுவருசம். காரைக்கால் பழைய பள்ளிவாசல் மினாராவ இடிக்கப் போறாங்கன்னு மீன் ஏலத்துல ஒருத்தர் சொன்னாரு. அன்னையிலேர்ந்து எனக்கு இருப்புக் கொள்ளல. சோறு எறங்கல. வீட்டுக்காரி, "பள்ளிவாசல் அவுங்களுது. ஒனக்கு ஏன்யா இம்புட்டுக் கவல?"ன்னா.

கவல இருக்காதா? கோட்டுச்சேரிமேட்டுலேர்ந்து நாங்க போற எடத்துல கடலுக்கடியில ஒரு பாறை. மீன் அடையிற எடம். மேலேர்ந்து பாத்தா வெறும் தண்ணிதான். கரையத் திரும்பிப் பாக்கணும். ஐஸ் கம்பெனி தண்ணித்தொட்டிக்கு நேர் மேல மினாரா உச்சி வரணும். அப்பறம் ஈயக்குண்ட விட்டு ஆழம் பாத்து வலைய எறக்குவோம். முன்ன தொட்டிக்குப் பதிலா ஒரு தென்னந்தோப்பு. எங்கப்பா காட்டுனது. அது அலையோட போச்சு. இப்ப மினாராவும் போனா?

காரைக்காலுக்கு பஸ் ஏறிட்டேன். பள்ளிவாசல் நிர்வாகம் பாக்குற முத்தவல்லி, எங்கிட்ட மீன் வாங்குறவரு, வாசல்லயே நின்னாரு.

"வாங்கண்ணே, மீனா?"

"மீன் இல்ல பாய். மினாரா."

சிரிச்சுக்கிட்டே உள்ள கூட்டிட்டுப் போனாரு. அத்தன வருசம் கடல்லேர்ந்து பாத்த எடத்துக்குள்ள அன்னைக்குத்தான் கால் வச்சேன். டெல்லியில மொகலாயரு ஆண்ட காலத்துல கட்டுனதாம். ஆனா கோயில் மண்டபம் மாதிரியே கல்லுத்தூணு. ஆளு உருவம் மட்டும் இல்ல, பூவும் கொடியும்தான். மினாரா பின்னால வந்ததாம். கப்பல் ஓட்டுன மரைக்காயருங்க, கடல்ல வர்றவங்களுக்கு அடையாளமா சுண்ணாம்பு அரைச்சு ஒசத்துனதாம்.

"அப்ப கடலுக்குன்னு கட்டுனத இடிப்பீங்களா?"ன்னேன்.

"தலைதாண்ணே வெடிச்சிருக்கு. தொழுவுறவங்க மேல விழுந்துட்டா? எறக்கிட்டுத் திரும்பக் கட்டிருவோம்."

"அது வரைக்கும் நான் எதப் பாக்குறது?"

அவரு அண்ணாந்து மினாரா ஒசரத்தக் கண்ணால அளந்தாரு. "அந்த ஒசரத்துக்கு மூங்கில் கட்டி, வெள்ளத்துணி போடச் சொல்றேன்."

"துணி நான் தரேன்"ன்னேன். மறுநாளே பொங்கலுக்கு எடுத்த வேட்டியக் கொண்டு போனேன்.

"காத்துல பறந்துச்சுன்னா ஒங்க மானம்ல போவும்?"ன்னாரு.

மினாரா தலைய எறக்குனதுக்கு மறுநா விடியக்காலம் மவனோட போட்டுல போனேன். கரை பூரா மூட்டம். தொட்டி தெரியுது, மேல ஒண்ணுமில்ல. மவன், "ஒக்காருப்பா, போட்டு ஆடுது"ங்குறான். எங்க ஒக்கார்றது? வெயில் ஏறி மூட்டம் வெலகுச்சு. தொட்டிக்குப் பக்கத்துல வெள்ளையா என்னமோ படபடன்னு அடிச்சுக்குது.

"இன்னும் கொஞ்சம் தெக்க வுடுடா"ன்னேன். வேட்டி நகந்து நகந்து தொட்டிக்கு நேர் மேல வந்துச்சு. குண்ட எறக்குனேன். பாறையில டொக்குன்னு தட்டுச்சு. அப்பறந்தான் ஒக்காந்தேன்.